சின்ன கார்வர், பெரிய கார்வர்

அந்த ஜன்னலோரத்தை எனக்குத் தருவீர்களா, அம்மணி? வளைவு வந்தால் எனக்கு வயிற்றைப் புரட்டும். எலுமிச்சம்பழம் கையில் வைத்திருக்கிறேன், இருந்தாலும் காற்று முகத்தில் பட்டால்தான் சரியாகும். நல்லது. நன்றாக இருங்கள்.

முன்னால் பாருங்கள், டிரைவருக்குப் பின் சீட்டு. சாம்பல் நிற ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர். அவர்தான் எங்கள் வீட்டுக்காரர். இன்னாசி என்று பேர். குன்னூரில் நாங்கள் ஏறும்போது பஸ் காலியாகத்தான் இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். உட்கார மாட்டார். முன்னால் போய்க் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்க்க வேண்டும் அவருக்கு. தியேட்டரில் ஆபரேட்டராக இருந்து ஓய்ந்தவர். படம் ஓட்டுகிற அறையில் கையகல ஓட்டை ஒன்று இருக்கும். அது வழியாகவே ஆயுசு முழுக்கப் பார்த்துவிட்டு இப்போது பெரிய கண்ணாடி கேட்கிறது.

ஊட்டிக்குத்தான் போகிறோம். ஒரு வீட்டில் படம் பார்க்க. சிரிக்காதீர்கள். சினிமா பார்க்க பஸ் ஏறிப் போகிற வயதா என்று நானும்தான் கேட்டேன். காலையில் சவரம் செய்தார். குளித்துவிட்டு வந்து, கன்னத்தைத் தடவிப் பார்த்து, மறுபடியும் செய்தார். கிறிஸ்துமஸ் பூசைக்குக்கூட அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. போகிற வீடு யாருடையது என்று கேட்கவில்லையே நீங்கள்? ஹில்டா டீச்சர் வீடு.

நான் பொறாமை பிடித்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பொறாமை என்பதே கிடையாது. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஞானப்பூ எப்படிப்பட்டவள் என்று. நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள்.

கல்யாணம் ஆனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அவருக்கு நாற்பது. காதோரம் அப்போதே நரைத்திருந்தது. நிலையான வேலை, குடி கிடையாது என்று மேட்டுப்பாளையம் சர்ச் சாமியார் சொன்னார், என் அப்பா சரி என்றார். நான் ஐந்தாவதோடு நின்றவள், என்னை யார் கேட்டார்கள். நாற்பது வயது வரைக்கும் இந்த மனுஷன் யாருக்காகக் காத்திருந்தார் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. நான் மட்டும் மனசுக்குள் விசாரித்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கும் அதுதான். எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான், அம்மணி. எனக்கு முன்னால் யார்?

வந்த புதிதில் ஒரு நாள். தியேட்டரில் உதவிக்கு இருந்த பெருமாள் எங்கள் வாசலில் நின்று அவரோடு பேசிக்கொண்டிருந்தான். நான் உள்ளே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் சொல்கிறார்:

"நாளைக்குக் காலையில ரயில்ல காவேரி வருது. பெட்டியோட நேரா நம்மகிட்டதான் வரும்."

"போன தடவை வந்தப்பவே ஒடம்பெல்லாம் கீறலா இருந்துச்சேண்ணே."

"பழசுல்ல, அப்படித்தான் இருக்கும். எத்தனை கை பட்டது! நாமதான் பதமாக் கையாளணும். ஒரு வாரம் இருக்கும். வீட்டுக்கு வர நேரமாகும்னு எம் பொண்டாட்டிகிட்ட சொல்லிக்கிறேன்."

எனக்கு அரிவாள்மனை மேலேயே மயக்கம் வந்துவிட்டது. பழசாம். எத்தனையோ கை பட்டதாம். பெட்டியோடு வருகிறாளாம், ஒரு வாரம் இருப்பாளாம். அந்தக் கடங்காரிக்கு 'வருது' 'இருக்கும்' என்று என்ன செல்லம்! மேட்டுப்பாளையம் போகிற காய்கறி லாரிக்காரரிடம் சொல்லி என் அண்ணன் சூசைக்குச் செய்தி அனுப்பினேன். அண்ணன் காலையில் அதே மலை ரயிலில் ஏறிவிட்டான். பெட்டி வைத்திருக்கிற பெண்பிள்ளைகளை எல்லாம், "உங்க பேரு காவேரிங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறான். ஒரு அம்மாள் கைப்பையால் முதுகில் வைத்துவிட்டாள்.

நான் குன்னூர் ஸ்டேஷனில் போய்த் தூணுக்குப் பின்னால் நின்றேன். எங்கள் வீட்டுக்காரரும் பெருமாளும் கார்டு வண்டியிலிருந்து ஒரு துருப்பிடித்த தகரப் பெட்டியை இறக்கினார்கள். அண்ணன் ஓடிவந்து இவர் சட்டையைப் பிடித்தான்.

"எங்க மச்சான் அவ?"

"எவ?"

"காவேரி!"

இவர் ஒன்றும் புரியாமல் பெட்டியைக் காட்டினார். "இதோ, இதுக்குள்ளதான் இருக்கு."

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆளை வெட்டிப் பெட்டியில் அடைத்துவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டான். பெருமாள்தான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு பெட்டியைத் திறந்து, படச்சுருளுக்கு மேலே இருந்த போஸ்டரைப் பிரித்துக் காட்டினான். தொப்பி வைத்த வெள்ளைக்காரன். ஒரு புருவம் மட்டும் மேலே. எட்மண்ட் கார்வர். அந்தப் பேர்தான் என் காதில் காவேரியாக விழுந்திருக்கிறது. "இவன்தான் புள்ள உன் காவேரி" என்றார் இவர். ஸ்டேஷனே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆம்பிளைதானே என்று நிம்மதி. ஆம்பிளையாக இருந்தால் தொல்லை இல்லை என்று நினைத்தேன் பாருங்கள், பைத்தியக்காரி.

வெலிங்டன் வந்துவிட்டதா? இன்னும் தூரம் இருக்கிறது, சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பட்டாளத்துக்காரர்களும் எஸ்டேட் துரைமார்களும் இருந்ததால் இங்கிலீஷ் படம் நிறைய வரும். கார்வர் படம் வந்தால் எங்கள் வீட்டுக்காரருக்குத் தீபாவளி. படமெல்லாம் சேர்த்தால் ஒரு ஆள் பிழைத்த பிழைப்பு அத்தனையும் அதில் இருக்கும். கப்பல்காரன், குதிரைக்காரன், கத்திச் சண்டைக்காரன், பத்திரிகைக்காரன், விமானம் ஓட்டுகிறவன், வக்கீல், ஜட்ஜ். எந்த வேஷமானாலும் அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டு புறப்படுவான், வாசல்வரை போவான், அங்கே நின்று ஒரு தரம் திரும்பிப் பார்ப்பான். ஒன்றும் பேச மாட்டான். பார்த்துவிட்டுப் போய்விடுவான். தியேட்டரில் சோல்ஜர்கள் எல்லாம் விசில் அடிப்பார்கள். நான் முதல் தரம் பார்த்தபோது, எதையோ மறந்து வைத்துவிட்டான் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

இதிலே ஹில்டா டீச்சர் எங்கே வந்தாள் என்கிறீர்களா? அங்கேதான் வருகிறேன்.

படம் ஓடும்போது ஆபரேட்டர் அறையில் மாவு மில் மாதிரி சத்தம். வசனம் காதில் விழாது. விழுந்தாலும் இங்கிலீஷ், இவருக்கு என்ன புரியப்போகிறது. வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டே காலம் தள்ளினவர். மற்றப் படம் என்றால் கவலைப்பட மாட்டார். கார்வர் என்ன சொன்னான் என்று மட்டும் தெரிந்தாக வேண்டும். டீச்சருக்கும் கார்வர் என்றால் உயிர். சனிக்கிழமை பகல் காட்சிக்கு ஒற்றை ஆளாக வருவாள். படம் முடிந்ததும் ஆபரேட்டர் அறைக்குப் போகிற வெளிப்படிக்கட்டுக்குக் கீழே நிற்பாள். இவர் மேல் படியில் வந்து நிற்பார். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று அவள் தமிழில் சொல்வாள், இவர் கேட்டுக்கொள்வார். எனக்குக் கல்யாணம் ஆவதற்குப் பல வருஷம் முன்னாலேயே இது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

எனக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு சனிக்கிழமை சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு போகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், தழுதழுத்துக்கொண்டு:

"நீங்க போயிட்டா இந்த ஊர்ல எனக்கு யாரு இருக்கா? எத்தனை வருஷமானாலும் நான் இப்படியே காத்துக்கிட்டு இருப்பேன். என்னை மறந்துடாதீங்க."

மேலே என் புருஷன் குரல்: "அப்புறம்?"

அப்புறமாம்! கேரியரை வீசினேன். ரசம் படிப்படியாக இறங்கி அவள் செருப்பு வரைக்கும் போயிற்று. "அப்புறம் என்னன்னு நான் சொல்றேன், கீழ வாங்க!" என்று கத்தினேன். இவர் தலையில் அடித்துக்கொண்டார். "அடியே, அது படத்துல அந்தப் பொம்பளை பேசற வசனம்டி!" டீச்சர் குனிந்து செருப்பைத் துடைத்துக்கொண்டு, "சாப்பாடு வீணாப் போச்சே, இன்னாசி" என்றாள். இன்னாசியாம். நான் இன்றைக்கு வரைக்கும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

வசனம்தான், ஒப்புக்கொள்கிறேன். எவனோ எழுதினான், எவளோ பேசினாள். ஆனால் அதைத் தமிழில் சொன்ன வாய் யாருடையது? கேட்டது யாருடைய புருஷன்? எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்திருப்பாள்! நியாயம் சொல்லுங்கள் என்றேனே, இதற்குச் சொல்லுங்கள். எனக்கு இவர் இதுவரை, "சாப்பாட்டுல உப்பு கம்மி"க்கு மேல் ஒரு வசனம் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு கார்வர் படம் எது வந்தாலும் நானும் போனேன். காவலுக்குத்தான். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். இந்த மாதம் வருகிற படத்தில் கார்வர் தலை நரைத்து ஜட்ஜாக உட்கார்ந்திருப்பான். அடுத்த மாதம் பார்த்தால் இருபது வயதுப் பையனாகக் குதிரை மேல் தாவுவான். எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. இது இரண்டு ஆள். அப்பன் ஒருத்தன், மகன் ஒருத்தன். டீச்சரிடமே சொன்னேன், இடைவேளையில், எல்லோரும் கேட்கும்படி.

"சின்ன கார்வர் பரவாயில்ல டீச்சர். பெரியவருதான் சிடுமூஞ்சி."

அவள் சிரித்தாள். "ரெண்டு பேர் இல்ல ஞானப்பூ, ஒரே ஆள்தான். நம்ம ஊருக்குப் பெட்டி வரிசையா வர்றதில்ல. புதுப்படம் முன்னால வருது, பழசு பின்னால வருது."

"மூக்கைப் பாருங்க, வேற மாதிரி இருக்கு."

"மூக்கு ஒண்ணுதான், நல்லாப் பாருங்க."

"அப்பனுக்கும் மகனுக்கும் மூக்கு ஒண்ணா இருக்காதா?"

பக்கத்திலிருந்த நர்சுப் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். படித்தவள் சொன்னால் ஒரே ஆள், நான் சொன்னால் சிரிப்பு. நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் வீட்டில் நான் சொன்னதுதான். இவர்கூட அப்படியே பழகிவிட்டார், "இந்த வாரம் பெரியவரு படம்" என்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் டீச்சருடைய பள்ளிக்கூடம். இவர் காலையில் வேலைக்குப் புறப்பட்டால் கேட்டுவரை போய் ஒரு தரம் நிற்பார். அந்த கார்வர் மாதிரியே திரும்பிப் பார்ப்பார். கல்யாணமான நாள் முதல் இதே. நான் வாசற்படியில் நிற்பேன், எனக்குத் தெரியாதா, என் தலைக்கு மேலே பள்ளிக்கூடத்தைத்தான் பார்க்கிறார் என்று. டீச்சர் ஓய்வு பெற்று ஊட்டிக்குத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகும் திரும்பிப் பார்க்கிறார். பழக்கதோஷம்.

ஏன் அவளைக் கட்டவில்லை என்று கேட்கிறீர்களா? அவர்கள் சி.எஸ்.ஐ. நாங்கள் ஆர்.சி. அந்தக் காலத்தில் அதற்கே வீடு இரண்டாகும். அதனால்தான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அவளும் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. காரணம் இல்லாமல் ஒருத்தி அப்படி இருப்பாளா?

ஒழிந்தது என்று இருந்தேன். போன மழைக்காலத்தில் ஒரு நாள், கொட்டுகிற மழையில், கதவைத் தட்டுகிற சத்தம். டீச்சர். கையில் இங்கிலீஷ் பேப்பர், நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி. உள்ளே வந்து உட்காருவதற்கு முன்னாலேயே சொன்னாள்.

"இன்னாசி, கார்வர் போயிட்டார்."

இவர் பேப்பரை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாது, படத்தைத்தான் பார்த்தார். கட்டில் தலைமாட்டில் துண்டு இருந்தது, எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் இந்தப் பக்கம், இவர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள், சொந்தத்தில் ஒருத்தர் செத்த மாதிரி. அமெரிக்காவில் செத்தவனுக்கு என் வீட்டில் துக்கம் விசாரிப்பு! என் அப்பா செத்தபோது இந்த மனுஷன் பந்தலுக்கு ஆள் பிடிக்கப் போய்விட்டு, அடக்கம் செய்யும் நேரத்துக்குத்தான் வந்தார்.

காபி போட்டேன். அவள் டம்ளரில் வேண்டுமென்றே சர்க்கரை போடவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, "எனக்கு சர்க்கரை வியாதின்னு உங்களுக்கு எப்படித் தெரியும் ஞானப்பூ? நல்ல மனசு உங்களுக்கு" என்றாள். என்னதான் செய்ய முடியும் இவளை?

போகும்போது ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனாள். தம்பி மகன் துபாயிலிருந்து டிவியும் டெக்கும் கொண்டுவந்திருக்கிறானாம். கார்வர் படக் கேசட் எல்லாம் சேர்த்துவிட்டானாம். "சனிக்கிழமை சனிக்கிழமை வாங்க. முதல் படத்துல இருந்து கடைசிப் படம் வரைக்கும் வரிசையாப் பார்க்கலாம். நம்ம வரிசையாப் பார்த்ததே இல்லையே, இன்னாசி." நம்ம! "நானும் வருவேன்" என்றேன். "உங்களையும் சேர்த்துத்தான் சொன்னேன்" என்றாள். நம்பினேனா? நம்பவில்லை.

அன்றிலிருந்து இந்த பஸ்தான், சனிக்கிழமை சனிக்கிழமை. அவள் வீட்டில் ஒரு நீள சோபா. நான் நடுவில் உட்கார்ந்துவிடுவேன். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவர். இங்கே மெஷின் சத்தம் கிடையாது, ஆனால் இங்கிலீஷ் அதே இங்கிலீஷ்தானே. அவள் சொல்ல வேண்டும், இவர் கேட்க வேண்டும். "உங்களைப் பார்க்காம ஒரு நாள் போனாலும் எனக்குச் சோறு இறங்காது" என்பாள். அது என் காதைத் தாண்டித்தான் அவருக்குப் போக வேண்டும். நான் ஜாக்கெட் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, குறுக்கே ஒரு இருமல் இருமுவேன்.

முதல் படத்தில் கார்வருக்கு வசனமே இல்லை. ஒரு ஓட்டலில் பெட்டி தூக்குகிற பையன். பெட்டியை வைத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் வேலை. வாசலில் போய்த் திரும்பிப் பார்க்கிறான். டீச்சர் சொன்னாள், "முதுகு மட்டும்தான் படத்துல வருதுன்னு, முகம் தெரியறதுக்காக அவனாத் திரும்பினானாம். ஜனங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. அப்புறம் எல்லாப் படத்துலயும் திரும்பச் சொல்லிட்டாங்க." பார்த்தீர்களா? காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. பிழைப்பு. நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாராவாரம் பார்த்தோம். நான் ஒரு காரியத்துக்காகவே பார்த்தேன்: எந்தப் படத்தில் மகன் போய் அப்பன் வருகிறான் என்று பிடித்துவிட வேண்டும், டீச்சர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். ஒரு படத்தில் கண்ணோரம் ஒரு கோடு வந்தது. அடுத்ததில் கழுத்து கொஞ்சம் தடித்தது. கத்தியைப் போட்டுவிட்டான், கோட்டு போட்டுக்கொண்டான். பிறகு காதோரம் நரை. மாறின இடம் எது என்று கடைசிவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, அம்மணி. சின்னவன்தான், கண் முன்னாலேயே பெரியவனாகிவிட்டான். டீச்சரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணன் தம்பி என்று சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்த நரையைப் பார்த்ததிலிருந்து எனக்கு நெஞ்சில் ஒரு பாரம். இவர் எனக்குக் கிடைத்ததே அந்த நரையிலிருந்துதானே! அதற்கு முந்தின பெட்டியெல்லாம் என்னிடம் வரவே இல்லை. குதிரைமேல் தாவினது, கத்தி சுழற்றினது எல்லாம் அவள் பார்த்தது. பெரியவர்தான் எனக்கு. சின்னவர் அவளுக்கு.

கேட்டே விட்டேன். அவள் சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். இவர் கூடத்தில் கேசட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எங்க வீட்டுக்காரரு சின்ன வயசுல எப்படி இருந்தாரு?"

டம்ளர் கழுவுகிற கை நின்றது. "எனக்கு எப்படித் தெரியும், ஞானப்பூ?"

"உங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

"அவர் மேல நிப்பார். முதுகுக்குப் பின்னால ரூம் வெளிச்சம். நிழலாத்தான் தெரியும். நான் கீழ நின்னு சொல்லுவேன், அவர் 'அப்புறம்?'னு கேட்பார். ஒரு படி இறங்கி வந்ததில்ல. நானும் ஒரு படி ஏறினதில்ல." கழுவின டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "முகம் தெரியாததால கார்வர் முகத்தை வச்சுக்கிட்டேன்."

"என்னது?"

"நானா மனசுல வச்சுக்கிட்டேன். உங்க கல்யாணத்துக்கு அப்புறம் மார்க்கெட்ல உங்களோட வரும்போதுதான் வெளிச்சத்துல நல்லாப் பார்த்தேன். மூக்கு வேற." சிரித்தாள். "நல்ல மூக்குதான். ஆனா வேற."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! என் புருஷன் மூக்குக்கு என்ன குறைச்சல்? முன்னால் பாருங்கள், திரும்பினால் தெரியும், கிளி மூக்கு. அதை எடுத்துவிட்டு அமெரிக்காக்காரன் மூக்கை ஒட்டிவைத்திருக்கிறாள்! சண்டை பிடிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, துணியை எடுத்து டம்ளரைத் துடைக்க ஆரம்பித்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் இப்படித்தான் அவர் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்படியானால் சின்ன இன்னாசியை யாருமே பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அந்த இருட்டு அறையிலேயே இருந்து, யார் கண்ணிலும் படாமல் நரைத்துவிட்டார். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

எல்லநள்ளி தாண்டிவிட்டோம். சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் போனால் டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது. குரலே இல்லை. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். படத்தில் கார்வருக்கு முழுக்க நரை. வாசலில் அவன் பெண்டாட்டி நின்று என்னவோ சொல்கிறாள். இவர் வழக்கம்போல, "என்ன சொல்றா?" என்றார். டீச்சர் தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு என்னைக் காட்டினாள். இவர் என்னைப் பார்த்தார். இவருக்கே தெரியவில்லை, எனக்கு என்ன தெரியும்? ஆனால் அவள் முன்னால் தெரியாது என்று சொல்வேனா?

"என்ன சொல்லுவா? மழை வரும், குடை எடுத்துட்டுப் போங்கங்கிறா."

"அவன்?"

"எனக்கெதுக்குக் குடைங்கிறான்."

"அதுக்கு அவ?"

"நனைஞ்சு வந்து விடிய விடிய இருமினா, எந்திரிச்சு கஷாயம் வைக்கிறது யாருங்கிறா. நான்தானே வைக்கணுங்கிறா. பனியன் போட்டீங்களாங்கிறா."

இவர் சிரித்துவிட்டார். குலுங்கிக் குலுங்கி. சோபாவே ஆடியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சொல்லி அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "அப்புறம்?" என்றார். என்னிடம், அம்மணி. "அப்புறம்?" என்று என்னிடம் கேட்டார். படம் முடிகிறவரை நானே சொன்னேன். ரேஷனில் பாமாயில் வந்த கதை, சீட்டுக்காரி ஓடின கதை, எல்லாவற்றையும் அந்த வெள்ளைக்காரர்கள் பேசினார்கள். டீச்சர் துணியை வாயில் பொத்திக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர். சிரிப்பா என்னவென்று சொல்லத் தெரியவில்லை. படியிறங்கும்போது என் கையைப் பிடித்து, காற்று மாதிரி குரலில், "ஏறக்குறைய சரியாத்தான் சொன்னீங்க" என்றாள். கிண்டலா நிஜமா? எனக்குத் தெரியவில்லை. அவள் பேச்சு எனக்கு என்றைக்குத் தெரிந்தது.

இன்றைக்குக் கடைசிப் படம். எங்கள் ஊருக்கு வரவே இல்லை அது. இவர் ஓட்டாத ஒரே கார்வர் படம். கலங்கரை விளக்கத்தில் காவலுக்கு இருக்கிற கிழவனாம். டீச்சர் முன்னாலேயே சொல்லிவிட்டாள், அதில் மட்டும் அவன் திரும்பிப் பார்க்க மாட்டானாம். கதவைத் திறந்து நேராகப் போய்விடுவானாம். அதைக் கேட்டதிலிருந்து இவருக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. டீச்சருக்கு இன்னும் தொண்டை சரியாகவில்லையாம். "ஞானப்பூவே சொல்லட்டும்" என்று ஆள்மூலம் சொல்லியனுப்பியிருக்கிறாள். அதை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் இவர் அந்த இரண்டாவது சவரத்துக்குப் போனார். யாருக்காக என்கிறீர்கள்? அவளுக்காகத்தான், வேறு யாருக்காக!

எனக்குக் கவலை அதுவல்ல. அந்தக் கிழவன் கதவைத் திறக்கும்போது இவர் என் பக்கம் திரும்பி, "என்ன சொல்றான்?" என்று கேட்பார். திரும்பிப் பார்க்காமல் போகிறவன் என்ன சொல்வான்? எனக்கு ஒன்றும் தோன்றவே இல்லை. வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டே வருகிறேன். கேசட் முடிந்தால் இந்தச் சனிக்கிழமைப் பயணமும் முடிந்தது. பீடை விட்டது என்று நான்தான் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். ஏற்றுவேன். டீச்சரிடம் வேறு நடிகன் கேசட் இருக்கிறதா என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம். இவருக்காகத்தான் சொல்கிறேன், வீட்டில் சும்மா இருந்தால் தொணதொணப்பார்.

சேரிங் கிராஸ் வந்துவிட்டது. பாருங்கள், எழுந்துவிட்டார். எனக்காக நிற்கிறாரா பாருங்கள், முன்படியில் அவர்பாட்டுக்கு இறங்குகிறார். அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்கள். என்ன? திரும்பிப் பார்க்கிறாரா? இப்போது மட்டும் இல்லையா? வழியெல்லாமா? பஸ் நிற்கிற இடத்திலெல்லாமா?

இங்கே ஏது பள்ளிக்கூடம்... குடை. குடை என்னிடம்தானே இருக்கிறது, அதற்குத்தான் பார்க்கிறார்.

வெயில் அடிக்கிறதே என்கிறீர்களா? ஊட்டி வெயிலை நம்ப முடியுமா, அம்மணி. வழி விடுங்கள், நின்றுகொண்டிருக்கிறார்.